தேரன்று ஆறிப்போன கஞ்சி

ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில், மெத்தைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி நான் கட்டியது. அதற்குப் பின்னால் இருக்கிற தலையணைக் கம்பெனியும் நான் கட்டியதுதான். அதற்கு முன்னால் அந்த இடத்தில் கருவேல முள்ளும் ஒரு பாம்புப் புற்றும் மட்டும் இருந்தன. வத்திராயிருப்பில் நாலு ஏக்கர் தென்னை. கிணறு வெட்டும்போது பாறைதான் வரும் என்று மூன்று பேர் சொன்னார்கள், தண்ணீர் வரும் என்று நான் ஒருவன் சொன்னேன், தண்ணீர் வந்தது. மூன்று லாரி. தங்கச்சி கல்யாணம். தங்கச்சி மாப்பிள்ளை பட்டாளத்தில் சேருவதற்கு ஓடிப் பழகிய ஷூகூட நான் வாங்கிக் கொடுத்தது. இங்கிருந்து கோயம்புத்தூர் வரைக்கும் காலேஜ் ஹாஸ்டல்களில் எத்தனை பிள்ளைகள் தூங்குகிறார்களோ, அதில் பாதிப் பேர் என் மெத்தையில்தான் தூங்குகிறார்கள். என் படிப்பு ஐந்து வகுப்பும் ஒரு ஆடி மாதமும்.

இதையெல்லாம் சொல்ல வேண்டி வந்ததற்குக் காரணம் என் மருமகள், அதாவது தங்கச்சி மகள். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டாள். அவளுடைய காலேஜ் ஆண்டு மலரில், கொரோனா காலத்தில் தான் காலேஜ் சேர்ந்த கதையை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். அதில் அவளைப் பெற்ற என் தங்கச்சி இருக்கிறாள். எல்லையில் நின்ற அவள் அப்பா இருக்கிறார். ஹாஸ்டல் சமையல்காரம்மா இருக்கிறார். எங்கள் வீட்டு நாய்க்கு ஒரு பத்தி முழுசாக இருக்கிறது. எனக்கு ஒரு வரி: ‘மாமா தன் மெத்தைக் கிட்டங்கியில் உட்கார்ந்து படிக்க இடம் கொடுத்தார்.’ இடம் கொடுத்தேனாம், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரன் நகர்ந்து கொடுப்பதைப் போல.

அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். சின்ன வயதுக் கதை எழுதுகிற உரிமை இன்ஜினியர்களுக்கு மட்டும் கிடையாது.

நான் படிப்பை விட்ட கதை ராஜபாளையத்தில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இலவச விடுதியில் தங்கி ஆறாம் வகுப்பு சேர்ந்தேன். கணக்கு வாத்தியார் பிரம்பை ஓங்கினார். அதைப் பிடுங்கி இரண்டாக ஒடித்து, அவர் மேஜை மேலேயே வைத்து, ‘இந்தக் கணக்கு எனக்குப் பத்தாது சார்’ என்று சொல்லிவிட்டுச் சுவரேறிக் குதித்து வந்துவிட்டேன். கல்யாண வீடுகளிலும் வியாபாரிகள் கூட்டத்திலும் ஐம்பது வருஷமாக இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். நான் பிரம்பில் தொடங்கினால் அவர்கள் சுவரில் முடிப்பார்கள்.

இனி கொரோனா. இரண்டாவது அலையில் தங்கச்சிக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை வடக்கே எல்லையில், லீவு இல்லை. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கிடந்து பிழைத்து வந்தாள். அந்த ஒன்பது நாளும் மருமகள் எங்கள் வீட்டில் போனைக் கையில் பிடித்தபடி இருந்தாள். அம்மா நல்லபடியாகத் திரும்பிய பிறகும் அவள் பயம் போகவில்லை. விரலில் மாட்டுகிற அந்த ஆக்சிஜன் கருவியை வைத்துக்கொண்டு வீட்டில் எதிர்ப்பட்டவர் விரலையெல்லாம் பிடிக்க ஆரம்பித்தாள். சாப்பிடுமுன் ஒரு தடவை, சாப்பிட்டபின் ஒரு தடவை. யாராவது தும்மினால் அதற்கு ஒரு தடவை. ஒரு நாள் நாயின் காதில் மாட்டப் பார்த்தாள். ராஜபாளையத்து நாய்க்கும் ரோஷம் உண்டு. கருவியைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. மலரில் ஒரு பத்தி வாங்கிய நாய் அதுதான்.

என் சின்னவனும் அவளோடு பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை ரத்து என்று டிவியில் சொன்ன அன்று அவன்தான் லட்டு வாங்கி வந்தான்.

“எப்பா, நம்ம குடும்பத்துலயே பரீட்சை எழுதாம பாஸான மொத ஆளு நான்தான்” என்றான்.

“பாஸாகாமலே முன்னுக்கு வந்த ஆளு ஒன் எதுத்தாப்ல நிக்கேன்லே” என்றேன்.

பிறகு கவுன்சிலிங் வந்தது. எந்தக் காலேஜ் முதலில், எது இரண்டாவது என்று கம்ப்யூட்டரில் வரிசையாகப் போட்டுப் பூட்டிவிட வேண்டும். பூட்டியபின் மாற்ற முடியாது. மருமகளுக்கு நல்ல ரேங்க். ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்கிற படிப்பு, அதுவும் கோயம்புத்தூரில் ஒரு காலேஜில், என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது அந்தக் காலேஜையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாள். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்புகிற காலேஜ்களை மட்டும், எந்தப் படிப்பு கிடைத்தாலும் சரி என்று போட்டு வைத்திருந்தாள். தங்கச்சி அழுது பார்த்தாள். மாப்பிள்ளை எல்லையிலிருந்து எனக்குப் போன் போட்டு, “மச்சான், நீங்க சொன்னாத்தான் கேப்பா” என்றார். என் பெருமை எல்லை வரைக்கும் தெரிந்திருந்தது.

கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் பூட்ட வேண்டும். ஹாஸ்டல்கள் அடைத்துக் கிடந்ததால் கிட்டங்கியில் மெத்தைகள் கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கிக் கிடந்தன. உச்சியில், கூரையோரத்து வென்டிலேட்டர் ஜன்னல் பக்கத்தில்தான் போனுக்கு நல்ல சிக்னல். பன்னிரண்டு மெத்தை உயரத்தில், ஆன்லைன் கிளாஸ் படித்த அதே இடத்தில், மருமகள் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். சின்னவன் கீழே, காலேஜ் பட்டியலும் பேனாவுமாக. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன்.

காலேஜ்களைப் பற்றி வெப்சைட்டுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். எந்தக் காலேஜுக்குள்ளும் நான் முன்வாசல் வழியாகப் போனதில்லை. லோடு இறக்குகிற பின்வாசல்தான். பிரின்சிபால் யாரென்று தெரியாது. வாட்ச்மேனையும் சமையல்காரரையும் தெரியும். ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி யார் கொடுப்பார்கள்?

ஒரு வாட்ச்மேன், “காச்சல்னா ரூமப் பூட்டிட்டு வீட்டுக்குப் போனப் போடுவாக அண்ணாச்சி” என்றார். “அத அடி” என்றேன். சின்னவன் அடித்தான். கடைசியாக, மருமகள் பட்டியலிலிருந்து எடுத்த அந்தக் கோயம்புத்தூர்க் காலேஜின் சமையல்காரம்மா போனை எடுத்தார்.

“ஏனுங்ணா, நல்லாருக்கீங்களா? நம்ம ஹாஸ்டல்லதானுங்க ரெண்டு மாசம் கொரோனாக்காரங்க இருந்தாங்க. அத்தன பேருக்கும் நாந்தானுங்க கஞ்சி வெச்சேன். கொழந்தைக்கு மேலுக்கு முடியலீன்னா நேரா எங்கிட்டச் சொல்லச் சொல்லுங்க. உப்புப் பத்தலீன்னு மட்டும் திட்டப்படாதுங்க.”

மருமகள் உச்சியில் சிரித்தது கேட்டது. நாலைந்து மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துத் துண்டை உதறித் தோளில் போட்டேன். ஆனால் அவள் சொன்னாள்:

“கஞ்சி குடுப்பாக மாமா. இங்க அம்மாக்கு மறுபடி மூச்சு முட்டுனா?”

“நான் எதுக்குட்டி இருக்கேன்? காரு நிக்கி, லாரி நிக்கி.”

“நீங்க இருப்பீக. அங்க எனக்குப் பயமா இருக்கும்ல. அது ஒங்களுக்குத் தெரியாது. நீங்க பிரம்ப ஒடிச்ச ஆளு.”

மணி நாலே கால்.

“ஏலே, போயி மூணு டீ வாங்கிட்டு வா” என்றேன் சின்னவனிடம்.

“இப்பத்தானப்பா குடிச்சோம்?”

“பொறவும் குடிப்போம். போலே.”

அவன் போனதும் மெத்தை அடுக்கில் ஏறினேன். முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறவன், அறுபதை எட்டியவன், பன்னிரண்டு மெத்தை ஏறினேன். எழுதுகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அதுவரைக்கும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன்.

ஆறாம் வகுப்பு சேர்ந்த அந்த வருஷம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் அன்று எனக்கு நெருப்பாகக் காய்ச்சல். விடுதிப் பிள்ளைகள் எல்லோரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். நீளமான கூடம். சுவரோரம் வரிசையாகச் சுருட்டி வைத்த பாய்கள். விரித்திருந்த பாய் என்னுடையது ஒன்றுதான். தூரத்தில் ஜனம் ‘கோவிந்தா’ என்று கத்துகிற சத்தம் எழும், அடங்கும். ஒரு தடவை கண் விழித்தபோது சமையல்காரர் தலைமாட்டில் இருந்தார். அடுத்த தடவை விழித்தபோது இல்லை. அடுப்படியில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் ஆள் இல்லை. இங்கேயே செத்துப்போவேன், தேர் நிலைக்கு வந்த பிறகுதான் யாராவது பார்ப்பார்கள் என்று தோன்றிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ராஜபாளையத்துக்கு நடந்தேன்.

ரோடு முழுக்க ஜனம் எனக்கு எதிரே வந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டி, சைக்கிள், தோளில் குழந்தை, எல்லாம் தேரைப் பார்க்க. “ஏலே, தேரு அங்கிட்டு இருக்கு, நீ எங்கிட்டுப் போற?” என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுச் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே நடந்தேன். எந்தச் சுவரையும் ஏறிக் குதிக்கவில்லை. கேட் திறந்துதான் கிடந்தது. கணக்கு வாத்தியார் அந்த நேரம் எங்கேயோ தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அப்பா கேட்டபோது, பயந்து வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாத்தியார் அடித்தார் என்றேன். பிரம்பு பிற்பாடு வந்தது. நான் அதை ஒடித்தது இன்னும் பிற்பாடு வந்தது. காய்ச்சல் விட்டதும் அப்பா என்னைப் பஞ்சு மூட்டை தைக்க அனுப்பிவிட்டார்.

இருபது வருஷம் கழித்து அதே விடுதிக்குத் தலையணை இறக்கப் போனேன். அடுப்படியில் அதே சமையல்காரர், தலை நரைத்து. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தேரன்னைக்கு ஓடுன பயதான நீ? நொய்யரிசி வாங்கத்தாம்லே கடத்தெருவுக்குப் போனேன். அம்புட்டுக் கூட்டத்துல முட்டி மோதி வந்து, கஞ்சி வச்சு எடுத்துட்டு வந்தா பாயில ஆளக் காணோம். தேரு நிலைக்கு வர்ற மட்டும் தேடுனேன். கஞ்சி ஆறிப்போச்சுலே.”

இதுதான் நான் மருமகளிடம் சொன்னது. “செத்த நேரம் படுத்துக் கெடந்தேன்னா கஞ்சி வந்திருக்கும்ட்டி” என்று முடித்தேன்.

என் கையை எடுத்து விரலில் கருவியை மாட்டினாள்.

“ஆக்சிஜன் தொண்ணூத்தேழு” என்றாள். பிறகு உற்றுப் பார்த்து, “நாடி நூத்திப் பதினெட்டு. மாமா, இதச் சொல்லுததுக்கா இம்புட்டுப் பயந்தீக?”

“மெத்தை ஏறுனதுல அடிக்கி.”

“ஏறிப் பத்து நிமிசம் ஆச்சு.”

மனுஷன் பொய் சொல்லலாம். அந்தக் கருவி சொல்லாது. அவள் லேப்டாப்பைத் திருப்பிக் கோயம்புத்தூரை முதல் வரியில் போட்டாள்.

“அம்மாக்குத் தெனமும் காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி மாட்டிப் பாத்து எனக்கு போட்டோ அனுப்பணும். பிரம்புக் கத விடக் கூடாது.”

“விட மாட்டேன். நீயும் இத யார்ட்டயும் சொல்லக் கூடாது.”

“அய்யனார் சத்தியமா சொல்ல மாட்டேன்.”

நாலு ஐம்பதுக்குப் பூட்டினாள். டீயோடு வந்த சின்னவன் அண்ணாந்து பார்த்து, “எப்படிப்பா ஏறுனீக? எப்படி எறங்குவீக?” என்றான். என்னை இறக்குவதற்கு லோடுமேன் இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. அவனும் அவசரமாக அவள் வரிசையை அப்படியே காப்பியடித்துப் பூட்டினான். அவன் ரேங்குக்குக் கம்ப்யூட்டர் வேறு எங்கோ அனுப்பியது, அதுவும் என் மெத்தை போட்ட ஹாஸ்டல்தான்.

ஏழு மாதம் விடாமல் தங்கச்சி விரலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்கு நடுவில், முதல் வருஷம் மார்கழியில் ஒரு நாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது.

“மாமா, காச்சல்.”

கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். “வண்டிய எடுத்துட்டு வாரேன்” என்றேன்.

“வேண்டாம். கஞ்சி வந்திருச்சு. சூடா இருக்கு. உப்புத்தான் பத்தல.”

போனை வைத்துவிட்டு நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஐந்து கிலோ பால்கோவா வாங்கி வந்து, கிட்டங்கிப் பக்கம் போனவர் வந்தவருக்கெல்லாம் கொடுத்தேன். “என்ன விசேஷம் அண்ணாச்சி?” என்று கேட்டார்கள். “மருமகளுக்குக் காய்ச்சல்” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

மலரைப் படித்த அன்று அவளுக்குப் போன் போட்டேன். “ஏட்டி, நாய்க்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு வரியா?”

“நீங்கதான மாமா சத்தியம் வாங்குனீக? அத விட்டா ஒங்களப் பத்தி எழுத வேற என்ன இருக்கு?”

வேறு என்ன இருக்கு என்கிறாள். கிட்டங்கி இருக்கிறது, தென்னை இருக்கிறது, மூன்று லாரி இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்ல வாயைத் திறந்தேன். இதில் எதுவும் அன்றைக்கு அவளைக் கோயம்புத்தூருக்கு அனுப்பவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

வாங்கிய சத்தியத்தை நான் அவளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மலையடிவாரத்து அய்யனாரிடமும் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆகவே மருமகளே, அடுத்த மலரில் திருத்திப் போடு. பிரம்பு ஒடியவில்லை என்று போடு. பயந்து ஓடினான் என்று பெரிய எழுத்திலேயே போடு. தேர் ஒரு பக்கம் இருக்க இன்னொரு பக்கம் அழுதுகொண்டு போன பதினோரு வயதுப் பையனுக்கு, நொய்யரிசிப் பொட்டலத்தைக் கூட்டத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் தன்னிடம்தான் வந்துகொண்டிருந்தார் என்பது தெரியாது, அதையும் போடு. உன்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியது அந்தப் பையன்தான். அவன் பெயரைப் போடு. இனிஷியலோடு போடு.