நிற்காத எஞ்சினும் என் இடதுகால் செருப்பும்

பழைய டீசல் அம்பாசடரை நிறுத்த டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு ஸ்டாப் நாப் இருக்கும். இழுத்தால் டீசல் கட் ஆகும், எஞ்சின் நிற்கும். எண்ணூர் ரோட்டில் கன்னியம்மா அக்கா அதை இழுத்தார். நாப் கம்பியோடு கையில் வந்துவிட்டது. எஞ்சின் நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாகக் கத்தியது. பக்கத்து சீட்டில் இருந்த மெக்கானிக்கும் அதோடு சேர்ந்து கத்தினான். அந்த மெக்கானிக் நான்தான்.

முப்பது வருஷம் ஸ்பானர் பிடித்தவன் சொல்கிறானே, ஏதோ வீரக்கதை என்று இளம் மெக்கானிக்குகள் நினைக்க வேண்டாம். டோல்கேட் பக்கம் பாஷா பாய் ஷெட்டில் எனக்குப் பெயரே எலி. ஆள் சின்னதாக இருப்பேன் என்பது ஒரு காரணம். பட்டாசு வெடித்தாலும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வேன் என்பது இன்னொரு காரணம். ஏழுமலை என்ற என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அக்கா வந்தார்

செல்போன் வந்த புதிது. பேசினால் காசு போகும் என்று எல்லோரும் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருந்த காலம். கன்னியம்மா அக்கா மட்டும் போன் இல்லாமலே காசிமேட்டிலிருந்து டோல்கேட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். எண்ணூர் குப்பங்களில் காலையில் கரைக்கு வரும் சிங்கி இறாலை உயிரோடு வாங்கி, ஈரச் சாக்குப் போட்ட பெட்டிகளில் அடுக்கி, ராயபுரத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். வழியில் செத்த இறாலைக் கம்பெனி தொடாது. அதற்காகவே பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த அம்பாசடரைத் தானே ஓட்டினார். ஏலத்தில் அவர் வாய் திறந்தால் ஆம்பளைகள் பின்வாங்குவார்கள். நான் அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே பின்வாங்குவேன்.

அன்றைக்கு ஷெட்டில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற குழிக்குள் இருந்தேன். தப்பிக்க வழியில்லை.

"இன்னாடா எலி, உள்ள பூந்துகினு கீற? ஏறி வா மேல."

வந்தேன்.

"லாரிய தாண்டலாம்னு மிதிக்கிறேன். வண்டி யோசிக்குது. நான் மிதிச்சா அது இன்னாத்துக்கு யோசிக்கணும்?"

"அது பழைய வண்டிக்கா. மூச்சு வாங்குது."

"அப்ப நல்ல மூச்சு குடு. நேத்து அந்தப் பசங்க கார்ல ஏதோ பூ மாறி ஒண்ணு மாட்டினியே, அத்த எனக்கும் மாட்டு."

பூ மாதிரி என்று அவர் சொன்னது கோன் ஃபில்டர். புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் அது அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. வண்டியில் இருந்ததோ ஆயில் பாத் ஏர் கிளீனர். இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அடியில் கிண்ணம் மாதிரி இருக்கும். அதில் எஞ்சின் ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றி வைக்க வேண்டும். வருகிற காற்று ஆயில்மேல் மோதித் திரும்பும்போது தூசு அதில் ஒட்டிக்கொள்ளும். நம் ஏரியாவின் கரித்தூளுக்கும் சிமெண்ட் தூளுக்கும் நல்ல சாமான்தான். ஆனால் காற்று சுற்றி வளைந்து கஷ்டப்பட்டு உள்ளே போகும். கோன் ஃபில்டரில் காற்று நேராகப் போகும். எஞ்சினுக்குக் காற்று தாராளமாகக் கிடைத்தால் கொஞ்சம் பிக்கப் கூடும். கொஞ்சம்தான். ராக்கெட் ஆகாது. இதை அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

டப்பா

முதலில் கோனை மட்டும் மாட்டிக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தார்.

"சவுண்டு மட்டும் பெரிய மன்சன் மாறி வருது. வண்டி போவல. டுபாக்கூர் வேலையாடா பண்ணிக்கீற?"

அக்கா சொன்னது சரி. பானட்டுக்குள் திறந்தபடி வைத்தால் ஃபில்டர் எஞ்சின் சூட்டில் வெந்த காற்றைத்தான் இழுக்கும். வெளியிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால்தான் பலன். அதனால் கோனுக்கு ஒரு தகர டப்பா அடித்தேன். மேலே கிளிப் வைத்த மூடி. டப்பாவிலிருந்து கிரில்லுக்குப் பின்னால் வரைக்கும் ஒரு பைப், கை நுழைகிற அளவுக்கு வாய். சூடான காற்றும் தூசும் இடுக்கில் புகக்கூடாது என்று மூடிக்கு சைக்கிள் டியூபை வெட்டி கேஸ்கெட் ஒட்டினேன். அதற்கே பாதி நாள் போனது.

பாஷா பாய் வந்து பார்த்தார். "இன்னா நைனா, காத்து பூர்ற டப்பாவுக்கு வாட்டர் டேங்க் மாறி சீலு வச்சிகினு கீற? மத்த வண்டிய யார் பாக்கறது?"

"அக்கா வண்டி பாய். ஒரு சொட்டுக் காத்து லீக் ஆனாலும் என்னைக் கருவாடு போட்ருவாங்க."

அவருக்கும் அந்தப் பயம் இருந்ததால் மத்த வண்டியைத் தானே பார்க்கப் போய்விட்டார்.

இந்தத் தடவை வண்டி போனது. அக்கா எண்ணூர் வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஒரு வஞ்சிரத் துண்டை என் கையில் வைத்தார். "யோசிக்கிறத வுட்டுச்சிடா" என்றார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மெடல் அதுதான். வாங்கின கையோடு பயமும் வந்தது. அக்காவுக்குப் பிடித்தது ஒருநாள் பிடிக்காமல் போனால் என்ன ஆகும்?

எண்ணூர் ரோடு

சில வாரம் கழித்து ஒரு காலையில் வண்டி ஷெட் வாசலில் நின்றது.

"ஆக்சிலேட்டர வுட்டாலும் சமயத்துல லேசா உறுமுது. வா, குந்து. சரக்கு ஏத்திகினு வரலாம், கேட்டுப் பாரு."

பாஷா பாயைப் பார்த்தேன். அவர் பெஞ்ச் வைஸுக்கு கிரீஸ் போட ஆரம்பித்தார். அது அவர் அதுவரை செய்தே பார்த்திராத வேலை.

எண்ணூரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, வழக்கம்போல் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் இறங்கிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வரிசைக்கு வெளியே வண்டியை எடுத்து மிதித்தார். எதிரே தண்ணி லாரி வந்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்து, இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் இருந்த சந்தில் வண்டியைத் திணித்தார். முன்னால் நின்ற லாரிக்கும் எங்களுக்கும் ஓர் ஆள் படுக்கிற இடம்தான்.

அப்போது எஞ்சின் உறுமியது. அக்காவின் கால் ஆக்சிலேட்டரில் இல்லை. பார்த்தேன். பிரேக்கில் ஒன்று, கிளட்சில் ஒன்று. உறுமல் ஏறிக்கொண்டே போய்க் கூச்சலாக மாறியது. பின்னால் வெள்ளைப் புகை ரோட்டையே மூடியது. அக்கா ஸ்டாப் நாப்பை இழுத்தது அப்போதுதான்.

மிதிக்காமலே இப்படி ஏறினால் அது குடிப்பது டீசல் இல்லை, நாப் பிய்யாமல் இருந்தாலும் பலன் இருந்திருக்காது. அப்படி ஓடுகிற எஞ்சினை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கிருந்தோ ஆயிலைக் குடித்தால் டீசல் எஞ்சின் அதையே எரித்து ஓடும். குடிக்கக் குடிக்க வேகம் கூடும். கடைசியில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு எஞ்சின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் நின்றவர்கள் பாடு அதோகதி.

"நியூட்ரல் போடுங்கக்கா!"

"வரலடா. மாட்டிகிச்சி."

அந்த வண்டியின் கியர் அவ்வப்போது செகண்டில் மாட்டிக்கொள்ளும். குலுக்கினால் வரும். அன்றைக்கு இரண்டு பேர் சேர்ந்து குலுக்கியும் வரவில்லை. எனவே அக்காவின் இடது கால் கிளட்சில் இருக்கிற வரைக்கும்தான் வண்டி நிற்கும். முன்னால் கண்டெய்னரின் அடிச்சட்டம், சரியாக எங்கள் கண்ணாடி உயரத்தில். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கிளட்சை விட்டால் எஞ்சின் திணறி நிற்கலாம். பாய்ந்தும் போகலாம். அந்த இடைவெளியில் சோதித்துப் பார்க்கிற விஷயம் இல்லை அது.

"நீ எறங்கி ஓடிப்போடா" என்றார் அக்கா.

ஒரு பேச்சுக்காவது மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அக்கா வாக்கியத்தை முடிப்பதற்குள் இறங்கிவிட்டேன். ஓடினேன். ஓடும்போது இடதுகால் செருப்பு கழன்றது. செருப்புக்காகத்தான் திரும்பிப் பார்த்தேன், அதை மறைப்பானேன். புகைக்கு நடுவில் கண்ணாடி வழியாக அக்கா முகம் தெரிந்தது. அந்த வாய் மூடி இருந்து நான் பார்த்ததே இல்லை. அப்போது இறுக்கி மூடியிருந்தது. கிளட்ச் பக்கத்துத் தோள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டியின் கிளட்சை மிதிப்பது அம்மிக்கல்லை நகர்த்துகிற மாதிரி. எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரைவிடவும் எனக்குத் தெரியும். போன மாசம் அதை மாட்டியவனே நான்தான்.

திரும்பினேன். 

பானட்டைத் தூக்கினேன். சத்தம் நெஞ்சில் அறைந்தது. எஞ்சினே ஃபௌண்டேஷன் போல்ட்டுகளைப் பிய்த்துக்கொண்டு என்மேல் ஏறிவிடும் போலக் குதித்தது. செய்ய ஒரே வழிதான் இருந்தது. காற்றை அடைக்க வேண்டும். ஆயில் எவ்வளவு இருந்தாலும் காற்று இல்லாமல் எரியாது. பைப் வாய் கிரில்லுக்குப் பின்னால் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. துணியை வைத்தால் உள்ளே இழுத்துவிடும். கையை வைத்தால் கை போய்விடும். பலகை இல்லை, தகடு இல்லை. வழியில் குனிந்து பொறுக்கி வந்த ரப்பர் செருப்பு மட்டும் கையில் இருந்தது.

அடிப்பக்கத்தைப் பைப் வாய்க்கு நேராகக் காட்டினேன். வெடுக்கென்று பிடுங்கி ஒட்டிக்கொண்டது. எஞ்சின் சத்தம் லேசாக இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. எங்கோ விசில் அடித்தது. டப்பாவைப் பார்த்தேன். மூடியின் கிளிப்புகளில் ஒன்று திறந்து கிடந்தது. நான் விட்டுவிட்டுப் போனது அல்ல அது. யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள்.

ஒரு கை செருப்பில். எஞ்சின்மேல் குப்புறச் சாய்ந்து, இன்னொரு முழங்கையால் மூடியை அமுக்கினேன். தோல் சுட்டது. பாதி நாள் உட்கார்ந்து ஒட்டின சைக்கிள் டியூப் அந்த நேரம் தாங்குமா என்று ஒரு நினைப்பு. என் கைவேலை மேலேயே என் உயிரை வைப்பதைப் போல ஒரு பயம் வேறு இல்லை. அதற்குமுன் மற்றவர்கள் உயிரை வைத்துத்தான் எனக்குப் பழக்கம்.

விசில் நின்றது. தகர டப்பா டமார் என்று உள்வாங்கி நசுங்கியது. எஞ்சின் இருமியது, ஒரு தரம் குலுங்கியது, நின்றுவிட்டது.

லாரிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அக்கா இறங்கவில்லை.

"எலி."

"அக்கா."

"கால எடுக்கலாமா?"

"எடுங்கக்கா."

"நெஜமா?"

"நின்னுபோச்சிக்கா."

அப்போதும் எடுக்கவில்லை. நான் கதவைத் திறந்து, அக்காவின் முழங்காலைப் பிடித்து மெதுவாகத் தூக்கி வெளியே வைத்தேன். மூச்சு விட்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி, "சிங்கி உயிரோட கீதா?"

இருந்தது. எங்கள் இருவரையும்விட நல்ல நிலையில் இருந்தது. வழியில் வந்த மீன்பாடி வண்டியில் பெட்டிகளை ஏற்றினோம். எடுபிடி நானும் பெட்டிகள்மேல் ஏறி உட்கார்ந்தேன். வண்டி வேகமாகப் போக வேண்டும் என்று செய்ததெல்லாம் இருக்க, சரக்கு மூணு சக்கரத்தில் குலுங்கிக் குலுங்கி ராயபுரம் போய்ச் சேர்ந்தது. கம்பெனி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

சேகர்

வண்டியை ஷெட்டுக்குக் கட்டி இழுத்து வந்து டப்பாவைத் திறந்தபோது அடியில் எஞ்சின் ஆயில் தேங்கியிருந்தது. கோன் ஊறிப்போயிருந்தது. யார் ஊற்றியது என்று அக்கா கேட்டார். கேட்ட தோரணையில் எதிர்க்கடை ஷட்டர் பாதி இறங்கியது.

அக்கா தம்பி சேகர் முன்னால் வந்தான். விசைப்படகில் எஞ்சின் டிரைவர். கரைக்கு வந்தால் அக்கா வண்டியைக் கழுவி ஆயில், தண்ணி பார்ப்பது அவன்தான்.

"நான்தான். டப்பா காஞ்சி கெடந்துச்சி. எலி அண்ணன் மறந்துட்டாருன்னு ஊத்தினேன்."

"அதுக்குள்ள ஆயில் ஊத்தச் சொன்னது யாரு?"

"போட்ல ஏர் கிளீனர்ல ஆயில் இல்லாம எஞ்சின ஸ்டார்ட்டே பண்ண மாட்டோம்கா. இந்த வண்டிக்கும் இத்தினி வருஷமா நான்தான் ஊத்திகினு கீறேன். இப்ப மட்டும் இன்னாத்துக்கு ஊத்தக் கூடாது?"

அவனுக்குத் தெரிந்த எல்லா டீசல் எஞ்சினுக்கும் அது சரியான வேலை. அக்கா பிரேக் அடித்ததும் அந்த ஆயில் முன்னே போய் அலையாகத் திரும்பி கோன்மேல் அடித்திருக்கிறது. எஞ்சின் உறிஞ்சிக்கொண்டது. முன்பு கேட்ட லேசான உறுமலும் அதுதான்.

பாஷா பாய் நசுங்கிய டப்பாவை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார். மூடியின் கேஸ்கெட்டை விரலால் இழுத்துப் பார்த்தார். வரவில்லை. "சீலு பரவால்ல" என்றார்.

அதற்குப் பிறகு எந்த வண்டிக்கு ஃபில்டர் மாற்றினாலும், ஓனரிடம் பேசி முடித்ததும் வண்டியைக் கழுவுகிற ஆள் யார் என்று கேட்பேன். அவரைக் கூப்பிட்டு என் எதிரிலேயே திறந்து மூடச் சொல்வேன். மூடியில் சிவப்புப் பெயிண்டில் "ஆயில் ஊற்றாதே" என்று எழுதுவேன். பவர் கூட்டுகிற சாமான் எதுவாக இருந்தாலும், அதைப் பராமரிக்கிற கை அதுவரை எதற்குப் பழகியது என்று பாருங்கள். நான் சொல்ல வந்தது இதுதான்.

புது டப்பா மாட்டி வண்டியை எடுக்க வந்த அன்று அக்கா எனக்குப் புதுச் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்தார். பழைய இடது செருப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் அடியில் பைப் வாய் அளவுக்கு வட்டமாக ஒரு தழும்பு. அதில் கயிறு கோத்து, முன் பம்பரில் கிரில் பக்கமாகக் கட்டினார்.

"திருஷ்டிக்காக்கா?" என்றேன்.

"திருஷ்டிக்கு லாரிக்காரன் கட்டுவான். நீ அடுத்த தபா ஓடும்போது கைக்கு எட்டணும்ல, அதுக்குடா."