கேனில் அளந்த ஏரி

1986 மே 12, திங்கட்கிழமை. காலை 6.10க்கு செஞ்சியில் டவுன் பஸ் ஏறி, சிங்கவரம் தாண்டி ஏரிக்கரையில் இறங்கினேன். திங்கள்தோறும் எனக்கு இதுதான் வேலை. ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் ஏரித் தண்ணீரை மொண்டு, அடுத்த பஸ்ஸில் செஞ்சி மீன்வளத் துறை அலுவலகத்துக்குத் திரும்புவேன். பத்தேகாலுக்கு அதிகாரி பீரோவைத் திறந்து தெர்மாமீட்டரைக் கொடுப்பார். அதைக் கேனுக்குள் விட்டு, ரிஜிஸ்டரில் 'ஏரி நீர் வெப்பம்' என்ற கட்டத்தில் எழுதுவேன்.

ஏரியிலேயே அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் மதகுக் கல்லில் தட்டி ஒரு தெர்மாமீட்டரை உடைத்துவிட்டார். அதற்கு விளக்கம் கேட்டு வந்த கடிதங்களே ஒரு தனி ஃபைல். அன்றிலிருந்து தெர்மாமீட்டர் அலுவலக வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. தெர்மாமீட்டர் ஏரிக்குப் போக முடியாததால் ஏரி பஸ் ஏறி வந்தது. மூன்று வருடமாக நானும் ஸ்கேலில் கோடு போட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். கோடையானாலும் 29, மிஞ்சினால் 30.

அன்று ஏரி ஓரம் முழுக்க கட்லாவும் ரோகுவும் வயிறு மேலாக மிதந்தன. மீன் குத்தகைதாரர் ஏழுமலை கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"சார், வாங்க சார். இந்த அஞ்சலதான் நேத்து மருந்தடிக்கிற டப்பாவ ஏரில கழுவனா. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். உள்ள போனாத்தான் புத்தி வரும்."

கரையை ஒட்டிக் கத்திரி போட்டிருந்த அஞ்சலை சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

"கழுவனேன், இல்லன்னு சொன்னனா? ஒரு டப்பா கழுவனதுக்கு ஒரு ஏரி மீனு சாவுமா? அவ்ளோ நல்ல மருந்தா இருந்தா என் கத்திரிக்காய்ல இருக்குற புழு ஏன் இன்னும் சாவல?"

கூட்டம் சிரித்தது. ஏழுமலை சிரிக்கவில்லை.

அலுவலகத்தில் கேன் ஃபேனுக்கு அடியில் காத்திருந்தது. பத்தேகாலுக்கு அளந்தேன். 29.

அதிகாரி ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார். "பாத்தியா, தண்ணி நார்மல். அப்ப மருந்துதான். நாளைக்குப் பத்தரைக்கு ஏழுமலை வருவாரு. ரிப்போர்ட் ரெடி பண்ணிடு, ஸ்டேஷனுக்கு எடுத்துனு போகட்டும்."

"சார், இது ஃபேன் காத்துல ஆறின தண்ணி."

"மூணு வருஷமா ஆறின தண்ணியத்தான எழுதன? இன்னிக்கு மட்டும் இன்னா புதுசா?"

 எனக்கு எரிச்சல் வந்தது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி. தெர்மாமீட்டர் வைக்கும் பஞ்சுப் பெட்டியைக் காலியாகவே பீரோவில் வைத்தேன். தெர்மாமீட்டரைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் 2.30க்குச் சைக்கிளில் ஏரிக்குப் போய், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அளந்தேன். மேல்மட்டம் 36. முழங்கால் ஆழத்தில் 34. தண்ணீர் பாசி மண்டிப் பச்சைப் பெயிண்ட் போலக் கெட்டியாக இருந்தது. கையில் அள்ளினால் எப்போதும் துள்ளும் பொடிப் பூச்சிகளைக் காணோம். அந்தப் பச்சையைத் தின்று மட்டுப்படுத்துபவை அவைதான். சிறு மீன்களுக்கு இரையும் அவைதான்.

அஞ்சலை சேற்றில் கைவிட்டு ஒரு விராலைத் தூக்கிக் காட்டினாள். அது வாலை அடித்தது.

"இது இன்னா, விஷத்த தள்ளி வச்சிட்டு சாப்டுதா? நாலு நாளா விடியறப்ப மீனுங்க மேல வந்து வாயத் தொறந்துகினு இருக்குது சார். நான் சொன்னா யாரு கேக்குறாங்க?"

எனக்கு விளங்கிவிட்டது. சூட்டில் பொடிப் பூச்சிகள் அழிந்து பச்சை பெருகியிருக்கிறது. சூடான தண்ணீரில் காற்று அதிகம் தங்காது. இருப்பதையும் இரவில் பச்சை இழுத்துக்கொள்ளும். விடியும்போது கட்லா, ரோகு போன்ற கெண்டை இனங்கள் மூச்சுத் திணறிச் சாகும். மேலே வந்து நேராகக் காற்றைக் குடிக்கும் விரால் பிழைக்கும். மருந்தாக இருந்தால் விராலும் மிஞ்சியிருக்காது.

ஐந்து மணிக்கு அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெர்மாமீட்டரை வெளியே கொண்டுபோனதற்கு முதலில் கத்தினார். பிறகு குரலைத் தணித்தார்.

"ரிஜிஸ்டர் 29ன்னு சொல்லுது. அத மீறி நான் எழுத முடியாது. ரிஜிஸ்டரே தப்புன்னு நீ கையெழுத்து போட்டுக் குடு, நான் மருந்துன்னு எழுத மாட்டேன். ஆனா மெமோ உனக்குத்தான் வரும். யோசிச்சிக்க."

இப்போது உலகமே சூடாகிறது என்கிறார்கள். செஞ்சி ஏரிகள் அந்தக் காலத்திலேயே சூடேறத் தொடங்கினவா என்று படித்த பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மூன்று வருடம் ஒரு வாரம்கூட விடாமல் நான் எழுதியது கேனின் சூட்டை. இந்த வேலைக்கு வருபவர்களே, ரிஜிஸ்டரில் கையெழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், எங்கே நின்று அளந்தார்கள் என்று பாருங்கள்.

மே 13, செவ்வாய்க்கிழமை. அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாகச் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். 1983இலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கட்டத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டு, 'இது ஏரியில் அளந்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.