பத்து நிமிடத் துக்கம்

எங்கள் அலுவலகத்துக்கு நேர முகாமைத்துவம், அதாவது நேரத்தை வீணாக்காமல் வேலைசெய்வது எப்படி என்று படிப்பிக்க வந்தவர் அவர். மடிப்புக் கலையாத சேர்ட். போனில் அலாரம் வைத்துவிட்டுத்தான் எவரோடும் வாய் திறப்பார். எனக்கு அவரைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

கொக்குவிலில் அப்பாவின் செத்தவீட்டுக்கும் வந்தார். கடைசியாக அப்பா தேத்தண்ணி கேட்டதை அம்மா அழுதபடி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது.

"பத்து நிமிசம் முடிஞ்சுது அம்மா. மிச்சத்தைப் பிறகு கதைப்பம். போட்டு வாறன்."

செத்தவீட்டில் எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக்கொண்டு புறப்படுவதில்லை. இருந்தவர்கள் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்தார்.

"இஞ்சை சொல்லிப்போட்டுப் போறேல்லை, தம்பி. அந்த நேரத்தையும் மிச்சம் பிடிச்சிருக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டு, அதைப் போனில் குறித்துக்கொண்டார். வகுப்பில் சொல்லிக்கொடுக்கத்தானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.