அப்பாவின் இங்கிலீஷ்

எங்கள் அப்பாவுக்கு இங்கிலீஷ் என்று தெரிந்தே பேச வந்த சொல் ஒன்றே ஒன்றுதான்: ‘சேர்’, அதாவது ‘சார்’. அதை வைத்துக்கொண்டே அவர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவது அவர் வேலை. கையில் கத்தி இருக்கும்வரை அவர் யாருக்கும் சளைத்தவரில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆள் முகம் பார்த்துப் பேச வேண்டியிருந்தால், உடனே சேர்தான்.

அந்த ஒரு சொல்லில் அவர் எத்தனை அர்த்தங்களை அடைத்து வைத்திருந்தார்! மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கூப்பிட்டு ஏதாவது சொன்னால் வெடுக்கென்று ஒரு ‘சேர்’ வரும். கேட்டது, செய்கிறேன் என்று பொருள். அதையே கொஞ்சம் இழுத்து ‘சேஏர்’ என்றால், அது நடக்கிற காரியமில்லை என்று பொருள். கண்டாக்கையாவோ அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டு போய்விடுவார். டிஸ்பென்சரியில் அடிவயிற்றிலிருந்து மெல்ல ஒரு ‘சேர்’ எழும். பிள்ளைக்குக் காய்ச்சல் எப்போது விடும் என்ற கேள்வி அது. நன்றிக்கும் அதுதான், மன்னிப்புக்கும் அதுதான். போலீஸ்காரரும் சேர், தபால்காரரும் சேர்.

“வாசல்ல ஆடு வந்து நின்னாக்கூட இவரு சேர்ன்னு சொல்லித்தான் வெரட்டுவாரு” என்று அம்மா கேலி செய்வாள். அப்பாவும் சிரிப்பார். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆறாம் வகுப்புக்குப் போகும்வரை.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் பாஸாகி, டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. என்னைச் சேர்க்க அப்பாவே கூட்டிப்போனார். அன்று நல்ல மழை. இருவருக்கும் ஒரே குடை. பள்ளிக்கூட வாசலில் கழுத்தில் டையும் சட்டையில் பேட்ஜுமாக ஒரு பெரிய வகுப்பு அண்ணன் நின்றிருந்தான். அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அவனைக் கண்டதும் அப்பா குடையைச் சட்டென்று மடக்கினார், மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் ஒதுங்கினார், தலையில் சுற்றியிருந்த துவாயை உருவினார்.

“சேர், ஆபீசு எந்தப் பக்கமுங்க சேர்?”

தோட்டத்து ரோட்டில் துரை வந்தால் கொட்டுகிற மழையிலும் குடையை மடக்கி ஒதுங்கி நிற்பது பழைய வழக்கம். இளவட்டங்கள் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள். அப்பாவின் கை மட்டும் விடவில்லை. அந்த அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னால் மரத்தடியில் நின்ற பிள்ளைகள் அடக்கவே முயலவில்லை. நான் நனைந்துகொண்டு தரையைப் பார்த்தேன்.

உள்ளே பள்ளிக்கூடத்தின் உப அதிபராக இருந்தவர் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர். அவரையும் அப்பா சேர் என்றுதான் அழைத்தார். “நான் சேர் இல்லை ஐயா, மிஸ்” என்று அவர் புன்னகையோடு திருத்தினார். “சரிங்க சேர்” என்றார் அப்பா.

மறுநாளே வகுப்பில் அது விளையாட்டாகிவிட்டது. நான் வருவதைக் கண்டால் ஒருத்தி குடையை மடக்குவாள், இன்னொருத்தி ஓரத்தில் ஒதுங்கிக் குனிந்து “சேர்!” என்பாள். டவுன் பிள்ளைகள் மட்டும் சிரித்திருந்தால் பொறுத்திருப்பேன். சிரித்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போலத் தோட்டத்து லயவீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். அவர்கள்தான் உரக்கச் சிரித்தார்கள். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சேர் என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும், வாத்தியாரைக் கூப்பிடும்போதுகூட, காது மடல் சூடாகிவிடும். வீட்டில் மூச்சு விடவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். அந்தப் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்தை ஆரம்பித்தார்கள். குடை மடங்கியது, குனிந்தாயிற்று, “சேர், ஆபீசு எந்தப் பக்கமுங்க சேர்?” என்று அப்பாவின் குரலிலேயே ஒருத்தி கேட்டாள். யாரோ அவள் தோளைத் தட்டிக் கண்ணைக் காட்ட, எல்லோரும் சிதறி ஓடினார்கள். திரும்பினால், அப்பா. டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர், என்னோடு திரும்பலாம் என்று பையும் கையுமாக நின்றிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸின் பெயர்ப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து வெகுநேரத்துக்குப் பிறகு, “பசிக்குதாம்மா?” என்றார்.

அந்தப் பள்ளித் தவணையில் காலை பஸ் அடிக்கடி காலை வாரியது. மழைக்கு மண் சரிந்து ரோடு மறிக்கப்படும், இல்லாவிட்டால் பஸ்ஸே வராது. நான் தினமும் பிந்திப் போய் வாசலில் நிற்பேன். பள்ளிக்கூட விடுதியில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது, வீட்டிலிருந்து பெரியவர் யாராவது வந்து உப அதிபர் மிஸ்ஸிடம் நேரில் கேட்டால் கிடைக்கும் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். அது கிடைக்காவிட்டால் பழையபடி தோட்டத்துப் பள்ளிக்கூடம்தான் என்று எனக்கே தெரிந்திருந்தது. “வாய் விட்டுக் கேட்டுட்டு வாங்க” என்று அம்மா அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

அன்றும் மழை. வாசலில் அதே அண்ணன். அப்பாவின் விரல் குடையின் விசைக்குப் போனது. போய், நின்றது. குடையை விரித்தபடியே, அவனைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“வாங்கோ ஐயா, இருங்கோ. என்ன விசயம், சொல்லுங்கோ” என்றார் மிஸ்.

அப்பா உட்காரவில்லை. வாயைத் திறந்தார், மூடினார். “வந்துங்க...” என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு “பிள்ள...” என்றார். அதோடு நின்றுவிட்டது. மிஸ் நல்லவர்தான், இரண்டாம் முறையும் பொறுமையாகக் கேட்டார். அப்பா துவாயை முறுக்கிக்கொண்டு நின்றார். நானாவது சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் பேசும் இடத்தில் பிள்ளை வாய் திறக்கக் கூடாது என்று வளர்த்திருந்தார்கள். அதைவிட, வெட்கத்தில் எனக்கும் நாக்கு எழவில்லை. அதற்குள் ஃபோன் அடித்தது. மிஸ் பேசி முடிப்பதற்குள் டவுனில் கடை வைத்திருப்பவர் ஒருவர் மகளோடு உள்ளே வந்து, “குட் மோர்னிங் மிஸ், ஹொஸ்டல் விசயமா வந்தேன்” என்று ஆரம்பித்து, மளமளவென்று பேசிக்கொண்டே போனார்.

“அவசரமில்லை, நீங்கள் ஆறுதலா யோசிச்சுப்போட்டு வாங்கோ ஐயா” என்று மிஸ் எங்களை அனுப்பிவைத்தார். அந்தக் கட்டில் கடைக்காரர் மகளுக்குப் போயிற்று. அடுத்த தவணை நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவர் பேசினாலும் மானம் போகிறது, பேசாவிட்டாலும் மானம் போகிறது. இப்படி ஒரு அப்பா எனக்கு ஏன் வாய்த்தார் என்றுகூட நினைத்தேன்.

“ஏம்ப்பா வாயே தொறக்கல?”

அப்பா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.

“எதச் சொல்லி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலம்மா” என்றார்.

எனக்கு ஆத்திரம்தான் பொங்கியது. குடையை விட்டு விலகி, மழையில் அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். கண்டவர்களுக்கெல்லாம் வாரி இறைத்த அந்த ஒரு சொல்லை இன்றைக்கு, எனக்காக, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று கறுவிக்கொண்டே நடந்தேன். எனக்காகத்தான் அவர் அதைச் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.