வாவியில் இறங்கிய பன்னிரண்டு சொற்கள்

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள காத்தான்குடி. கட்டாரில் வேலை செய்யும் என் கணவர் தன் சேமிப்பைக் கிரிப்டோ கணக்கொன்றில் வைத்திருந்தார். அதைத் திறக்கும் சாவி பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள்.

"போன்ல வைக்காத. கடதாசியில எழுதி ஒளிச்சி வை, ஒருத்தருக்கும் சொல்லாத" என்றார்.

எழுதி, அலுமாரியில் இருந்த கிழிந்த பழைய குர்ஆனுக்குள் வைத்தேன். அதை எங்கள் வீட்டில் யாரும் குப்பையில் போடமாட்டார்கள் என்ற தைரியம்.

போன மாதம் அவருடைய போன் வேலைத்தளத்தில் விழுந்து நொறுங்கியது. புதுப் போனில் கணக்கைத் திறக்க அந்தச் சொற்களைக் கேட்டார். அலுமாரியில் குர்ஆனைக் காணவில்லை.

"உம்மா, அந்தப் பழைய குர்ஆன் எங்க?"

"நோன்புக்கு முந்தி வீடு கழுவினமே மகள், அப்ப பள்ளிவாசலுக்குக் குடுத்திட்டன். கிழிஞ்சதையெல்லாம் கல்லுக் கட்டி வாவியில இறக்கிட்டாங்களாம்."

உம்மாவை என்ன சொல்வது? கண்ணியமான காரியத்தைத்தான் செய்திருக்கிறார். வங்கியென்றால் போய்க் கெஞ்சலாம். இதில் கெஞ்சுவதற்கு ஆளே இல்லை. பணம் அப்படியே இருப்பது இணையத்தில் தெரிகிறது. கணவர் தினமும் பார்க்கிறார். எடுக்கத்தான் முடியாது.

இப்போது புதுக் கணக்கின் சொற்களை இரண்டு கடதாசிகளில் எழுதியிருக்கிறேன். ஒன்று தங்கை வீட்டில் பூட்டியிருக்கிறது. மற்றதை வைத்த இடத்தை உம்மாவுக்குக் காட்டி, "இத மட்டும் எடுத்திராதீங்க உம்மா" என்றேன்.

"இதில என்ன மகள் இருக்கு?" என்று கேட்டார்.

வாவியில் போனது என்னவென்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.