வியாழக்கிழமை மட்டும் கையில்

கடுகண்ணாவ ஏற்றத்துச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய், சதுரமான கறுப்பு ஃப்ளாப்பி டிஸ்க் ஒன்றை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறான், எக்ஸ்ரே படம் பார்க்கிற டாக்டர் மாதிரி. பிறகு அதன் தகரத் தகட்டை நகத்தால் தள்ளி, உள்ளே மினுங்குகிற வட்டத்தைப் பெருவிரலால் தடவுகிறான். பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட நாங்கள் வரிசையில் நிற்கிறோம். எனக்குப் பக்கத்தில் எங்கள் அலுவலகத்து அக்கா. "பாருங்கோ தம்பி, இவ்வளவு தேயிலையையும் ஒரு விரலால துடைச்சுப் போட்டான்" என்றார், உதடு அசையாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற இடமா அது? இருமி மறைத்துக்கொண்டேன்.

அந்த டிஸ்கில் இருந்தது தேயிலைக் கணக்குத்தான். கண்டி டவுனில் எங்கள் கம்பனிக்கு ஒரு கிளை. சுற்றுவட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வருகிற தேயிலை நிறைகளை நாங்கள் மெஷினில் பதிந்து வைப்போம். வியாழக்கிழமை தோறும் அக்கா அதை டிஸ்கில் ஏற்றி, பஸ்ஸில் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோவார். யாழ்ப்பாணத்து மனுசி. மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அறை எடுத்து இருந்தார். யுத்த காலம் அது; அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததுமே சாவடிக்காரன் குரல் மாறும். அப்படிப்பட்ட ஒருவர் ஏன் இந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நானோ படித்துக் கம்ப்யூட்டர்காரன் ஆனவனில்லை; கெட்டுப்போன மெஷின்களைத் திறந்து திறந்து ஆனவன். அன்றைக்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு மெஷின் படுத்துவிட்டது என்று நானும் கூடப் போனேன்.

கொழும்பில் டிஸ்க் திறக்கவில்லை. பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. தலைமை அலுவலகம் கண்டிக்கு டெலிபோன் எடுத்துச் சத்தம் போட்டது. அடுத்த நாள் எங்கள் மனேஜர் ஐயா என்னைக் கூப்பிட்டார். சிங்களவர், அவருடைய தமிழ் அவருக்கென்றே தைத்த சட்டை. "தம்பி, இத டெலிபோன்ல அனுப்ப ஏலாதா? அந்த மிஸ் பாவம்நே."

ஏலும் என்றேன். எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கி, விழுந்து எழும்பிப் படித்தேன். பேட்ச் ஃபைல் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. செய்யவேண்டியதை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்தால், மெஷின் மேலேயிருந்து கீழே வாசித்து, சொன்னதைச் சொன்னபடி செய்யும். பின்னேரமானால் அன்றைய கணக்கைச் சுருக்கு, கொழும்பு நம்பரைச் சுற்று, அனுப்பு, முடிந்ததும் டெலிபோனை வை. இவ்வளவுதான். அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அனுப்பியாச்சு எண்டு போடாதேங்கோ தம்பி. போய்ச் சேர்ந்தது எண்டு அங்கால இருந்து ஒரு சொல் வந்தாப் பிறகு போடுங்கோ." ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தவர்கள் பேச்சு அது. கொழும்பு மெஷின் தனக்கு வந்ததன் அளவைத் திருப்பிச் சொன்னால்தான் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் மறுபடி சுற்று என்று எழுதினேன்.

முதல் நாள் மோடம் கீச்சிட்டு, கரகரத்து, பிறகு பதில் வந்தபோது அலுவலகமே கை தட்டியது. மனேஜர் ஐயா பெட்டிஸ் வாங்கிக் கொடுத்தார். "இனி மிஸ் ரோட்டில நிக்கத் தேவ இல்ல" என்றார். அக்கா சிரித்தார். பெட்டிஸைச் சாப்பிடாமல் தாளில் சுற்றிப் பையில் வைத்தார்.

மறுநாள் தேத்தண்ணி நேரத்தில், பின்பக்கப் படிக்கட்டில் வைத்துத்தான் சொன்னார். அவருடைய தம்பியைக் கொழும்பில் தடுப்புக் காவலில் வைத்திருக்கிறார்கள். வழக்குமில்லை, விடுதலையுமில்லை. பார்க்கவிடுகிற நாள் வியாழக்கிழமை.

"கம்பனிக் கடிதம் கையில இருக்கிறபடியால்தான் நான் போய் வாறன். அது இல்லாமல் போனால், கொழும்புக்கு என்னத்துக்கு வாறாய் எண்டு சென்றிச் சாவடியில கேட்பான். நான் என்ன சொல்லுறது? உள்ளுக்க இருக்கிறவனைப் பார்க்க வாறன் எண்டே?"

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னால் வேலையும் போயிடும். எனக்கு அலைச்சல் களைப்புத்தான் தம்பி, இல்லையெண்டில்லை. ஆனா ஒரு கிழமை என்னைக் காணாட்டி, அடுத்த கிழமை அவன் வாயே திறக்கமாட்டான்."

அன்று பின்னேரம் பேட்ச் ஃபைலில் புதிதாகச் சில வரிகள் சேர்த்தேன். இன்றைக்கு வியாழனா என்று பார். ஆமென்றால் கொழும்புக்குச் சுற்றாதே. முழுக் கிழமைக் கணக்கையும் காலையிலேயே டிஸ்கில் எழுது. மனேஜர் ஐயாவிடம், வாரத்துக்கு ஒரு பிரதி கையில் போவது நல்லது, லைனை நம்ப முடியாது என்றேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுத் திரையை வாசித்தார். விரல் அந்த இடத்தில் நின்றது.

"ஏன் வியாழக்கிழம?"

என் கண் அக்காவின் மேசைப் பக்கம் போய்விட்டது. அவரும் அறைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்தார். "ஹரி ஹரி" என்றார், சிங்களத்தில் சரி சரி என்று. "வியாழக்கிழம லைன் நல்லா இல்ல. எனக்கும் தெரியும்."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பொய்யைத் தன் பிள்ளை மாதிரி வளர்த்தார். தலைமை அலுவலகத்துக்காரர் டெலிபோன் கம்பனி ஆளை அனுப்பி லைனைச் சோதித்தார்கள். அவன் வந்து, ஒரு குறையுமில்லை என்றான். "நீ வந்தது வெள்ளிக்கிழம" என்று அவனோடு மல்லுக்கட்டினார் மனேஜர் ஐயா. "காய்ச்சல் போனபிறகு டாக்டர் வந்தா என்ன தெரியும்?" அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

அக்கா போய்வந்தார், வருடக்கணக்காய். குண்டு வெடித்த கிழமைகளிலும் போனார். வெள்ளிக்கிழமை காலையில் வீங்கிய காலை மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில் தூக்கிவைத்துக்கொண்டு வேலை செய்வார். "எப்படிக்கா இருக்காரு?" என்றால், "இருக்கிறான்" என்பார். அதற்குமேல் ஒரு சொல் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். ஆண்டவனே, அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நானும் மனேஜர் ஐயாவும் வெள்ளிக்கிழமைகளில் நேரத்தோடு வேலைக்கு வந்தோம்.

ஒரு காரணமும் சொல்லாமல் பிடித்தவர்கள், ஒரு காரணமும் சொல்லாமல் விட்டார்கள். அக்கா தம்பியைக் கண்டிக்குக் கூட்டிவந்தார். அடுத்த நாள் என் மேசைக்கு வந்து, "இனி வியாழனும் லைனிலேயே போகட்டும் தம்பி" என்றார். நான் அந்த வரிகளை அழித்தேன். அழிக்க ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

இன்றைக்கு என் மகளின் போனிலிருந்து படங்கள் தாமாகவே எங்கோ போய்ச் சேருகின்றன. எங்கே போகிறது என்று கேட்டால், "மேல போகுது, விடுங்கப்பா" என்கிறாள். விட்டுவிட்டேன். எனக்கும் இப்போது படியேறினால் மூச்சு வாங்குகிறது. ஒவ்வொன்றையும் துருவிக் கேட்கத் தெம்பில்லை. போகிறவை போகட்டும். ஆனால் வியாழக்கிழமை பின்னேரம் வந்தால், வேறெதுவும் செய்யாமல் சற்று உட்கார்ந்துவிடுகிறேன்.

அக்கா கொழும்பு போகாத அந்த முதல் வியாழக்கிழமை, வேலை முடிகிற நேரம் நெருங்கியது. மெஷின் தானாக எழுந்து நம்பரைச் சுற்றியது. மோடம் ஊரையே கூட்டுகிற மாதிரிக் கத்தியது. திரும்பிப் பார்த்தேன். அக்கா கைகளை மடித்து மேசையில் வைத்து, அவற்றின்மேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அலுவலகத்தில் கண் மூடி நான் கண்டதில்லை. கணக்கு போய்ச் சேர்ந்தது. கொழும்பிலிருந்து பதிலும் வந்தது. அக்கா அசையவில்லை. பியூன் கதவு பூட்டச் சாவிக்கொத்தோடு வந்தார். மனேஜர் ஐயா உதட்டில் விரல் வைத்துக் காட்டி, சாவியை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு வாசித்து முடித்த பேப்பரையே மறுபடி விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். பஸ் போய்விடுமே என்று ஒருவரும் சொல்லவில்லை.