கேமராவின் நெற்றி

அந்தத் தொழிற்சாலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கோதண்டபாணி என்று அச்சடித்த அட்டை கழுத்தில்தான் தொங்கும். ஆனாலும் நான் வேலை ஓடுகிற லைனுக்குள் காலெடுத்து வைத்தால், "சாஃப்ட்வேர் வந்துக்கினு இருக்குது" என்று ஒரு குரல் முன்னால் போகும். உடனே பேச்சு அடங்கிவிடும். டீ நேரத்தில் நான் போய் நின்றால் எல்லோருடைய டம்ளரும் சீக்கிரம் காலியாகும்.

அவர்கள் மேல் தப்பில்லை. வாலாஜாபாத் தாண்டி, கார் கதவுக்குப் பூட்டு செய்கிற தொழிற்சாலை அது. ஒவ்வொரு பூட்டும் எந்த மேடையில் யார் கையால் ஆனது என்று கணினியில் பதிகிற சிஸ்டத்தை எழுதுவது என் வேலை. ஒரு திருகு குறைந்தாலும் சிஸ்டம் லைனை நிறுத்திவிடும். நின்றது யாரால் என்றும் கேட்கும். அதை எழுதுகிறவனை வேவு பார்க்க வந்த ஆள் என்று நினைக்காமல் வேறு எப்படி நினைப்பார்கள்?

நான் அந்தத் தொழிற்சாலையின் ஆளும் இல்லை. என்னை அனுப்பிய கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. வந்த நாளிலிருந்து எனக்கு மஞ்சள் நிற விசிட்டர் அட்டைதான். கேண்டீனில் லைன்காரர்களுக்கு ஒரு பக்கம், ஆபீஸ்காரர்களுக்கு ஒரு பக்கம். விசிட்டர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், தூணை ஒட்டி ஒரு சின்ன மேசை சும்மா கிடந்தது. அது என்னுடையது ஆயிற்று.

தென்னேரியில் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். "என் புள்ள ஒரு கம்பெனியையே கம்ப்யூட்டர்ல ஓட்டுறான்" என்று அம்மா ரேஷன் கடை வரிசையில் சொல்லுவாள். அதில் பொய் ஒன்றுமில்லை. நான் எழுதியது நின்றால் அத்தனை பேர் கையும் நிற்கும். அந்தப் பெருமை எனக்கும் உண்டு, மறைக்க மாட்டேன். ஊரில் நெட் நிற்காது, பெங்களூரிலிருந்து எந்நேரமும் கூப்பிடுவார்கள். அதனால் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவேன். மற்ற நாளில் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். கீழ் வீட்டில் தறி ஓடுகிற சத்தம் கேட்கும். அதை நிறுத்திவிட்டு அவர்கள் சாப்பிட உட்காரும்போதுதான் அறை ரொம்பச் சின்னதாகத் தெரியும்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து தொடங்குகிற முதல் ஷிஃப்டில் புது சிஸ்டம் தனியாக ஓட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதுவரை தாளிலும் எழுதி, கணினியிலும் பதிந்துகொண்டிருந்தார்கள். சிஸ்டத்தால் லைன் ஒரு தடவை நின்றாலும் மறுபடி தாளுக்கே போய்விடுவோம் என்று பிளான்ட் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்படி ஆனால் எனக்கு இங்கே வேலை இல்லை. பெங்களூருக்குப் போய், எவனோ எழுதினதைச் சரிபார்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைத் தென்னேரியும் போய்விடும்.

பூஜையன்று மத்தியானமே மிஷின்களை நிறுத்திக் கழுவித் துடைத்தார்கள். வாழைக்கன்று கட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். மிஷின் நின்ற நேரத்தில்தான் புது சிஸ்டத்தை ஏற்ற முடியும் என்பதால் நான் கண்ணாடி அறைக்குள் இருந்தேன். சாம்பிராணிப் புகை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, வாசனை உள்ளே வரவில்லை. அவரவர் மிஷினுக்கு அவரவர் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். போன வருஷம் லைன் சூப்பர்வைசர் சபாபதி, "உன் மிஷின் எதுபா?" என்று என்னைக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இந்த வருஷம் அந்தக் கேள்வி இல்லாமல் போயிற்று என்று நிம்மதியாகக்கூட இருந்தது. பொரிப் பொட்டலம் ஆள் கணக்குப்படி வாங்குவார்கள். அந்தக் கணக்கில் விசிட்டர் வரமாட்டான்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். மண்வெட்டி, அருவா, மருந்தடிக்கிற மிஷின் எல்லாவற்றையும் கழுவிப் பரப்பி, பக்கத்தில் சட்டம் போட்ட என் பட்டத்தையும் சாய்த்து வைத்துப் படைத்தாளாம்.

"பொட்டு உம்பேரு மேலயே வுழுந்துடுச்சுடா. இப்ப 'பாணி' மட்டுந்தான் தெரியுது" என்றாள். பிறகு, "பொரி துன்னியா?" என்று கேட்டாள்.

"துன்னேம்மா" என்றேன்.

விடுமுறை முடிந்து காலையில் லைன் தொடங்கியது. திருகுகளைச் சரிபார்க்கும் மேடைக்கு மேலே என் கேமரா கீழ்நோக்கிப் பார்த்தபடி தொங்கும். அந்த மேடையில் வேலை செய்பவள் ஏலவார்குழலி. பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண், கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். முதல் பூட்டு வந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அடுத்ததற்கும் சிவப்பு. திருகு இல்லை என்றது திரை. குழலி பூட்டைத் தூக்கிக் காட்டினாள். எல்லாத் திருகும் இருந்தன. லைன் நின்றுவிட்டது.

பெங்களூரிலிருந்து என் மேலதிகாரி கீர்த்தி போனில் வந்து, கேமரா அனுப்புகிற படத்தின் நடுவே ஒரே இருட்டு, மேடை விளக்கைப் பாருங்கள் என்றாள். நான் மேடைக்குப் போய்க் குனிந்து, தலையைத் திருப்பிக் கேமராவை அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடியின் நட்டநடுவில் வட்டமாகச் சந்தனம். அதன் மேல் குங்குமம்.

வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பட்டது. யார் வைத்தது என்று கேட்டேன். சபாபதி கூரையைப் பார்த்தார்.

"நான்தான் சார் வெச்சேன்" என்றாள் குழலி.

கேமராக் கண் மேல் யாராவது பொட்டு வைப்பார்களா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"எல்லா மிஷினுக்கும் வெச்சாச்சு. உங்க மிஷினு மட்டும் வெறுமனே இருந்துது. நீங்க வருவீங்கன்னு பாத்தேன், வரல. சரி, நானே வெச்சேன்." கேமராவை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நெத்தி எதுன்னு தெரியல சார். அதுக்கு மூஞ்சி பூரா கண்ணாத்தான இருக்குது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். காதில் போன் இருந்தது, கீர்த்தி ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தாள்.

பையிலிருந்து துணியை எடுத்தேன். குழலி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அழிக்காதீங்க சார். எங்க வூட்ல தறிக்கு வெச்சத யாரும் தொட மாட்டோம். அதுவா காஞ்சி உதிரணும்."

"இது இன்னா தறியாமா? லைன் நிக்குது" என்றார் சபாபதி. ஆனால் அவரும் என் கையிலிருந்து துணியை வாங்க வரவில்லை.

லென்ஸுக்கு முன்னால் தூசு படாமல் இருக்க ஒரு காப்புக் கண்ணாடியைத் திருகி வைத்திருப்போம். பொட்டு இருந்தது அதன் மேல்தான். என் டிராயரில் மாற்றுக் கண்ணாடி ஒன்று இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். பழையதை மெதுவாகக் கழற்றி, பொட்டு கலையாமல் கேமராப் பெட்டியின் மேலே வைத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். விரல் நுனியில் மட்டும் கொஞ்சம் குங்குமம் ஒட்டியது.

ஆனால் நின்ற லைன் மறுபடி ஓட, காரணத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த விதியை எழுதினவன் நான்தான். திரையில் மூன்று பொத்தான்கள்: மிஷின், ஆபரேட்டர், சிஸ்டம். ஆபரேட்டர் என்று போட்டுவிடுங்கள், அதுதானே நடந்தது, சிஸ்டம் தப்பித்துவிடும் என்றாள் கீர்த்தி. அவள் சொன்னது சரி. அந்தப் பொத்தானை அழுத்தினால் மேனேஜரிடம் என் சிஸ்டம் பாஸ். குழலியின் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும்.

"அந்தப் பொண்ணுக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருக்குது" என்றார் சபாபதி, என்னைப் பார்க்காமல். குழலி திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த அத்தனை பேரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடி மறைந்தால், மறைந்திருக்கிறது என்று சொல்ல அந்தக் கேமராவுக்கு நான் சொல்லித்தரவில்லை. அதனால்தான் அது திருகு இல்லை என்றது. ஆகவே நான் அழுத்தினது முழுப் பொய்யும் இல்லை. சிஸ்டம் என்பதை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. போனில் கீர்த்தி பெருமூச்சு விட்டு வைத்துவிட்டாள்.

மத்தியானம் சோற்றுத் தட்டை வாங்கும்போதே பெங்களூரிலிருந்து என் போனுக்குச் செய்தி வந்துவிட்டது. நாளையிலிருந்து பழையபடி தாள். சாமானை எடுத்துக்கொண்டு நேரே பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார்கள். போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தூண் மேசைப் பக்கம் நடந்தேன்.

"ஏம்பா பாணி, அங்க இன்னா தனியா? இங்க வா."

சபாபதிதான். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பெஞ்சில் இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள். "எடம் வுடுங்கபா, சாஃப்ட்வேரு கையில குங்குமத்தோட வந்துருக்குது" என்றான் ஒருவன். நான் விரலைப் பார்த்தேன். சிவப்பு இன்னும் போகவில்லை. அடுத்த மேசையில் பெண்களோடு இருந்த குழலி திரும்பிப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

எனக்கு எந்த ஊர் என்று சபாபதி கேட்டார். தென்னேரி என்றேன். பஸ்ஸில் போய் ஏரிக்கரையில் இறங்கினால் அவருடைய மச்சினி வீடு இருக்கிறதாம். யார் வீட்டுப் பையன், எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அந்த இடத்தில் அத்தனை பேச்சு நான் பேசினதே இல்லை. ரசம் ஆறிவிட்டது.

எழுந்திருக்கும்போது சபாபதி என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"நாளைலேர்ந்து இங்கயே ஒக்காரு, இன்னா?"

"சரிண்ணா" என்றேன்.